மைனர் பட்டம் வாங்கலாமா?

மைனர் என்றதும் பட்டு ஜிப்பாவும் கழுத்துச் சங்கிலியும் நினைவுக்கு வருகிறதா? அந்த மைனர் வேறு. இது என்ஜினீயரிங் கல்லூரியில் கிடைக்கும் மைனர் பட்டம்!

ஒரு துறையில் பி.இ. படிக்கும் மாணவர், வேறொரு துறையின் பாடங்கள் சிலவற்றையும் கூடுதலாகப் படித்துத் தேறினால், பட்டத்தோடு அந்தத் துறையின் பெயரும் சேர்ந்து வரும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ம் ஆண்டு விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. கம்ப்யூட்டரில் படம் போடும் கலையையும் இப்படிப் படிக்கலாம்.

"அது சினிமாக்காரர்களுக்கு அல்லவா?" என்று பெற்றோர் கேட்பார்கள். 2014-ல் வந்த 'கோச்சடையான்' படத்தில் ரஜினிகாந்த் கம்ப்யூட்டர் உருவமாக நடமாடியதைப் பார்த்தவர்கள் அப்படித்தானே நினைப்பார்கள்?

பட்டறையில் படம்

குன்றத்தூரை அடுத்த திருமுடிவாக்கத்தில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. இது போன்ற பேட்டைகளில் இரும்பைக் கடைந்து உதிரி பாகம் செய்வதற்கு சி.என்.சி. எந்திரங்கள் வந்துவிட்டன. அவற்றில் செய்யும் சிக்கலான பாகங்கள் முதலில் உருவாவது கம்ப்யூட்டர் திரையில்தான். அங்கே அதைத் திருப்பிப் பார்க்கலாம். குறுக்கே வெட்டியும் பார்க்கலாம். பிழையைத் திரையிலேயே பிடித்துவிட்டால் இரும்பு மிச்சம்.

இந்தக் கலைக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் பிரான்ஸ் நாட்டு என்ஜினீயர் பெசியே. ரெனால்ட் கார் கம்பெனியில் வேலை பார்த்தவர். கார் உடலின் வளைவுகளை 1960-களில் கணக்காக எழுதிக் காட்டினார். செல்போனில் தெரியும் 'அ' எழுத்தின் சுழிகூட அந்த வகைக் கணக்கால் வரைந்ததுதான்!

மருத்துவத்துக்கும் இது உதவுகிறது. கருவில் வளரும் சிசுவின் மூளையை 5,132 சீவல்களாகப் படமெடுத்து, முழு உருவமாகப் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். செய்தது சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள மூளை ஆய்வு மையம். 'தாரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் அது வெளியிடப்பட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

மைனர் பட்டத்துக்கு 18 கிரெடிட் வேண்டும். ஒரு பேப்பருக்கு 3 கிரெடிட். ஆக, 6 பேப்பர். வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு ஒரு கிரெடிட்; செய்முறை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். இந்தப் பாடங்களில் வகுப்பும் செய்முறையும் கலந்து வருவதால், ஒரு பேப்பருக்கு வாரம் 4 மணி நேரம் போகும்.

எட்டாவது செமஸ்டரில் புராஜெக்ட் வேலை கழுத்தை நெரிக்கும். ஐந்து, ஆறு, ஏழு ஆகிய மூன்று செமஸ்டர்களிலும் இரண்டிரண்டாக முடித்துவிடுவது நல்லது. வாரம் 8 மணி நேரம் கூடுதல் உழைப்பு. தினமும் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போகிற பிள்ளைக்கு இது லேசான சுமை அல்ல. சொந்தத் துறையில் அரியர் வைத்துக்கொண்டு இதில் இறங்குவது, வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

எந்தப் பேப்பர்களை எடுப்பது? கம்ப்யூட்டர் துறையில் 'கிரியேட்டிவ் மீடியா' என்ற பிரிவு இருக்கிறது. அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், விளையாட்டு உருவாக்கம், மெய்நிகர் காட்சி எல்லாம் அதில் உண்டு. டிஜிட்டல் மார்க்கெட்டிங்கும் அதே பட்டியலில் இருக்கிறது. அது விளம்பரப் பாடம். படம் போட வருகிறவர் அதை விட்டுவிடலாம். மெக்கானிக்கல் மாணவருக்கு மெய்நிகர் காட்சிப் பாடம் பட்டறையிலும் கை கொடுக்கும். கம்ப்யூட்டர் துறை மாணவருக்கோ இது சொந்தத் துறை, மைனர் ஆகாது.

கணக்குக்குப் பயந்து படம் போட வருகிறவர்கள்தான் ஏமாந்து போவார்கள். திரையில் ஓர் உருவம் திரும்புவது அணிக் கணக்கால்தான். முதலாண்டில் படித்த 'மேட்ரிக்ஸ்' பாடத்தைத் தூசி தட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

பழகிப் பார்க்கப் பணம் தேவையில்லை. 'பிளெண்டர்' என்ற மென்பொருள் இலவசம். அதில் தயாரான 'ஃப்ளோ' என்ற லாட்வியா நாட்டுப் படம் 2025-ல் ஆஸ்கார் பரிசு வாங்கியது! விடுமுறையில் ஒரு மாதம் அதில் நாற்காலி, டம்ளர் என்று செய்து பார்த்தால், பிள்ளைக்கு உண்மையிலேயே ஆசை இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

தன்னாட்சிக் கல்லூரிகளில் விதிகள் மாறும். கூடுதல் பேப்பருக்குக் கட்டணம் உண்டா, வகுப்பு மாலையில் எத்தனை மணிக்கு முடியும், அதற்குப் பிறகு கல்லூரி பஸ் இருக்குமா? நான்காவது செமஸ்டர் முடிவதற்குள் துறைத் தலைவரிடம் இவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.