வீட்டு ரவுட்டரில் ஏறாத யூஎஸ்பி சேமிப்பகம்: காரணங்களும் பரிகாரமும்

1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஒரே பிரதியை இழப்பதன் பொருளை அதன் அயலிலுள்ள குருநகர் மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இன்று குடும்பமொன்றின் ஒளிப்படங்களும் உறுதிகளும் வீட்டு ரவுட்டரில் செருகிய யூஎஸ்பி வட்டொன்றில் மட்டுமே இருத்தல் கூடும். அவ்வட்டு ஒரு நாள் திறவாதாயின், தரவு அழிந்ததெனத் துணிதல் தவறாகும்.

லினக்ஸில் இயங்கும் ரவுட்டர், வட்டினை மூன்று படிகளில் ஏற்கின்றது: மின்வலு வழங்கல், சாதனத்தை இனங்காணல், கோப்பு முறைமையை ஏற்றல். எப்படியில் தடை நேர்ந்ததென்பதை இயக்கப் பதிவேடு காட்டும். ஆதலின் முதலில் அதனையே நோக்குதல் வேண்டும்.

வட்டு மீண்டும் மீண்டும் இணைந்து துண்டிக்கப்படுவதாகப் பதிவேடு கூறின், மின்வலு போதாமையை ஐயுறலாம். யூஎஸ்பி 2.0 துறை 500 மில்லி அம்பியரையும், 3.0 துறை 900 மில்லி அம்பியரையுமே வழங்கும் நியமமுடையவை. சுழலும் வட்டு தொடங்குகையில் இதனினும் மிகுதியாக வேண்டலாம். தனி மின்வழங்கியுடைய யூஎஸ்பி ஹப் இதற்குப் பரிகாரமாகும். கடலோரத்து உப்புக் காற்றால் தொடுமுனைகள் களிம்பேறியுள்ளனவா என்பதும் நோக்கற்பாலது.

சாதனம் இனங்காணப்பட்டும் ஏறாதாயின், உரிய கோப்பு முறைமைக்கான கூறு ரவுட்டரில் இல்லாதிருக்கலாம். ரவுட்டரின் நினைவகம் சிறிதாதலால், ஓப்பன் டபிள்யூ ஆர் ரி போன்ற மென்பொருள்களில் இத்தகைய கூறுகளைத் தனியே நிறுவ நேரிடும். ஃபாட் முறைமைக்கு எழுத்துருத் தொகுதிக் கூறுகளும் வேண்டும். யூரிஎஃப்-8 அமைப்பின்றி ஏற்றினால் தமிழ்க் கோப்புப் பெயர்கள் வினாக்குறிகளாகத் தோன்றும். எனினும் வட்டிலுள்ள பெயர்கள் மாறுவதில்லை.

மூன்றாவது காரணம் மின்தடை. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு நிலவியது. எழுதிக்கொண்டிருக்கையில் மின் நின்றால் கோப்பு முறைமை சீர்குலைந்ததாகக் குறிக்கப்படும். அந்நிலையில் லினக்ஸ் அதனை ஏற்ற மறுக்கலாம்; அன்றி வாசிப்புக்கு மட்டும் திறக்கலாம். இம்மறுப்பு மேலும் சேதம் நேராமற் காக்கும் முன்னெச்சரிக்கையே. வட்டினைக் கணினியில் இணைத்து, முழுப் பிரதியொன்று எடுத்த பின்னரே சோதனைக் கருவியால் திருத்துதல் வேண்டும். 'வட்டினை வடிவமைக்கவா?' எனக் கணினி வினவுமாயின் உடன்படலாகாது. தரவை மீட்டல் அதன்பின் அரிதாகும்.

திருத்திய வட்டு மீண்டும் ஏறினும் கடமை முடிந்ததன்று. இரண்டாம் பிரதியொன்றினை வேறோர் இல்லத்தில் வைத்தலே நிலையான காப்பாகும்.