மண் அணைகளும் எல்லைப்புற வெள்ளக் காப்பும்

கேரளத்தின் தென்கோடியில் நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளும், தமிழ்நாட்டின் விளவங்கோடு பகுதியும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது இடையே எல்லைக்கோடு விழுந்தது. எனினும் மழைக்கு எல்லை இல்லை. மேற்கே நெய்யாறு நெய்யாற்றின்கரை வழியாகப் பூவாறு அருகே கடலை அடைகிறது. கிழக்கே கோதையாறு திற்பரப்பு, குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டினத்தில் கடலில் கலக்கிறது. ஒரே மலைத்தொடரில் பெய்யும் மழையே இவ்விரு ஆறுகளையும் ஒரே நாளில் பெருகச் செய்கிறது.

இவ்வெள்ளத்தை எதிர்கொள்ளும் அணைகள் ஒரே வகையின அல்ல. 1958-இல் முடிக்கப்பட்ட நெய்யாறு அணை, தன் எடையால் நீரைத் தாங்கும் கட்டட அணையாகும். எல்லையை ஒட்டிக் கடையல் பகுதியில் அமைந்துள்ள சிற்றாறு முதலாம், இரண்டாம் அணைகளோ மண் அணைகள். சிற்றாறு பட்டணங்கால் திட்டத்தைச் சேர்ந்த இவற்றின் மிகைநீர் கோதையாற்றில் சேர்ந்து திற்பரப்பு வழியே குழித்துறையை நோக்கிப் பாய்கிறது. ஆகவே இவற்றின் காப்பு என்பது பாசனத்தை மட்டுமன்றி ஆற்றங்கரை மக்களின் உயிரையும் உடைமையையும் பற்றியதாகும்.

மண் அணையின் அமைப்பு

மண் அணை அகன்ற அடியும் குறுகிய உச்சியும் கொண்டது. மண்ணை அடுக்கடுக்காகப் பரப்பி, ஏற்ற அளவில் ஈரமாக்கி, உருளையால் இறுக்கி இதனை எழுப்புகின்றனர். நீர் எளிதில் ஊடுருவாத களிமண் பகுதி கரையின் நடுவே அமைகிறது. நீர்ப்பக்கச் சரிவில் அலை அரிப்பைத் தடுக்கக் கற்கள் பதிக்கப்படுகின்றன. வெளிச்சரிவில் புல் வளர்க்கப்படுகிறது. கசியும் நீர் மண்ணை அரித்துச் செல்லாமல் வெளியேற, அடிப்பகுதியில் மணலும் சரளையும் கொண்ட வடிகட்டி இடப்படுகிறது.

எந்த மண் அணையிலும் சிறிது கசிவு இருப்பது இயல்பே. கசியும் நீர் தெளிந்திருந்தால் அச்சத்திற்கு இடமில்லை. அது கலங்கி வந்தாலும், திடீரெனப் பெருகினாலும், கரையின் உட்புறம் அரிக்கப்படுகிறது என்பதற்கு அடையாளமாகும். மரவேர்கள், எலி வளைகள், கறையான் புற்றுகள் ஆகியவை இத்தகைய அரிப்புக்கு வழிவகுக்கும். கரையில் மரம் வளர விடலாகாது என்ற விதியின் காரணம் இதுவே.

இதனினும் பெரிய ஆபத்து, நீர் கரையின் மேல் வழிவதாகும். கட்டட அணை அதனைச் சிறிது நேரம் தாங்கக்கூடும். மண் அணையிலோ வழியும் நீர் வெளிச்சரிவை அரித்து, சில மணி நேரத்திலேயே கரையை உடைத்துவிடும். தமிழ்நாட்டில் கொடகனாறு அணை 1977-இல் இவ்வாறே உடைந்தது. மின்சாரம் தடைப்பட்டதால் அடைப்பான்களை முழுமையாகத் தூக்க முடியாமற்போக, வெள்ளம் மண் கரையின் மேல் பாய்ந்தது. 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு இரண்டாம் அணையின் மண் கரைகள் உடைந்து மோர்வி நகரம் பேரழிவுக்குள்ளானது. இலங்கையில் தொன்மை வாய்ந்த கந்தளாய்க் குளத்தின் கரை 1986 ஏப்ரல் 20 அன்று உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

ஓர் அடி வெற்றிடத்தின் மதிப்பு

நீர்த்தேக்கம் வெள்ளத்தைத் தணிப்பது அதிலுள்ள வெற்றிடத்தின் அளவைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேக்கத்தில் ஓர் அடி உயரம் காலியாக இருப்பதாகக் கொள்வோம். அதில் ஏறத்தாழ 1.08 கோடி கன அடி நீர் கொள்ளும். வெளியேறும் அளவைவிட வினாடிக்கு 1,000 கன அடி மிகுதியாக நீர் வந்தால், அவ்விடம் மூன்று மணி நேரத்தில் நிரம்பிவிடும். கீழ்ப்பகுதி மக்களை எச்சரித்து மேட்டு நிலத்திற்கு அனுப்புவதற்குக் கிடைக்கும் கால அளவு அதுவே. தேக்கம் முன்னரே நிரம்பியிருந்தால் அந்த மூன்று மணி நேரமும் இல்லை.

சிற்றாறு அணைகளின் முழு நீர்மட்டம் அளவுகோலில் 18 அடியாகும். பேச்சிப்பாறைக்கு அது 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. இப்பகுதி தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவது. முதற்பருவத்திலேயே நிறைந்துவிடும் தேக்கம், அக்டோபர், நவம்பர் மாதப் புயல் மழையை ஏற்க இடமின்றி நிற்கக்கூடும். 2021 நவம்பர் நடுவில் பெய்த பெருமழையின்போது அணைகளின் மிகைநீர் திறக்கப்பட்டது. குழித்துறை ஆற்றின் கரையோரங்களில் வெள்ளம் புகுந்தது. நாகர்கோவில்–திருவனந்தபுரம் இருப்புப்பாதையில் மண் சரிந்து ரயில் போக்குவரத்துத் தடைப்பட்டது.

தேக்கத்தை முன்கூட்டியே குறைத்து வைப்பதும் எளிதன்று. நெய்யாறு இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோட்டிற்கு வந்த நீர் 2004-இல் நிறுத்தப்பட்ட பின்னர், அப்பகுதியில் தேக்கநீரின் அருமை மேலும் உணரப்பட்டது. மழை பொய்த்தால், திறந்துவிட்ட நீருக்காக உழவர் வருந்துவர். மழை மிகுந்தால், திறவாத நீருக்காகக் கரையோர மக்கள் துன்புறுவர். இம்முடிவை ஊழியரின் துணிவுக்கு மட்டும் விடாமல், எந்த மாதத்தில் எந்த மட்டம் வரை தேக்கலாம் என்று முன்கூட்டியே வரையறுப்பதே முறையாகும்.

சட்டமும் கண்காணிப்பும்

2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம், அதன்கீழ் வரும் அணைகளைப் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்யவும், நெருக்கடிக்கால நடவடிக்கைத் திட்டம் வகுக்கவும் பணிக்கிறது. அத்திட்டம் கோப்பில் உறங்காதிருக்க வேண்டும். அடைப்பான்களை மழைக்கு முன்பே இயக்கிப் பார்த்தல், மின்சாரம் இன்றியும் அவற்றைத் தூக்க வழி செய்தல், கசிவை நாள்தோறும் அளந்து குறித்தல், மிகைநீர் செல்லும் வழியில் ஆக்கிரமிப்பை அகற்றுதல் ஆகியவை பெருஞ்செலவு வேண்டாத பணிகளே.

எல்லைப்புறத்திற்கு மற்றொரு தேவையும் உண்டு. நெய்யாறு அணையின் மதகுகள் கேரள அதிகாரிகளாலும், சிற்றாறு அணைகளின் மதகுகள் தமிழ்நாட்டு அதிகாரிகளாலும் இயக்கப்படுகின்றன. நீர் திறக்கும் செய்தி இரு மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களுக்கும் உடனுக்குடன் சென்று, அங்கிருந்து ஆற்றங்கரைச் சிற்றூர்களை அடைய வேண்டும். தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் இவ்வூர்களில் எச்சரிக்கை இரு மொழிகளிலும் ஒலித்தால்தான், மழைநாளில் மக்கள் உரிய நேரத்தில் மேட்டு நிலத்தை அடைய முடியும்.