வீட்டில் சிற்றிறால் வளர்ப்பு



தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இறால் புதிதல்ல. பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பழைய கொசுவலையை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போவார்கள். கண்ணாடிபோல் உடல் கொண்ட சிற்றிறால்களை அரித்துப் புட்டியில் கொண்டு வருவார்கள். இரண்டு நாள் வேடிக்கை. மூன்றாம் நாள் புட்டி நாறும். அம்மா திட்டிக்கொண்டே அதைக் கால்வாயில் கொட்டுவார். இப்போது பட்டணத்து மீன் கடைகளில் சிவப்பு நிறச் சிற்றிறாலைப் பார்த்துவிட்டு, அதை வாங்கித் தரும்படி இதே பிள்ளைகள் பெற்றோரை நச்சரிக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய உயிரும் மூன்றாம் நாள் செத்துக் கிடந்தால் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது. அது சாகாமல் வாழவும், வீட்டிலேயே குஞ்சு பொரிக்கவும் என்ன செய்ய வேண்டும் என்பதை இன்று கவனிப்போம்.

ஓடை இறாலையே வளர்த்தால் என்ன, காசும் மிச்சமாகுமே என்று சிலர் கேட்கலாம். வளர்க்கலாம். ஆனால் அவற்றில் பல வகைகள் தொட்டியில் பெருகுவதில்லை. நம் நாட்டு உடாங் காலாவை எண்ணிப் பாருங்கள். ஆற்றில் வாழும் அந்தப் பெரிய இறால், முட்டையைச் சுமந்துகொண்டு முகத்துவாரத்தை நோக்கி இறங்கி வரும். பொரித்து வரும் குஞ்சு தாயைப்போல் இராது; தலைகீழாக நீந்தும் நுண்ணுயிராக இருக்கும். உப்புக் கலந்த நீர் கிடைக்காவிட்டால் சில நாளில் மடிந்துவிடும். இந்த உண்மை வெளிப்பட்டது நம் பினாங்கில்தான். 1961ஆம் ஆண்டில், குளுகோரில் இருந்த கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில், ஐக்கிய நாட்டு உணவு வேளாண்மை நிறுவனத்தின் நிபுணர் ஷாவ் வென் லிங் இதைக் கண்டறிந்தார். இன்று பல நாடுகளில் நடக்கும் உடாங் காலாப் பண்ணைத் தொழிலுக்கு அதுவே தொடக்கம்.

கடையில் விற்கும் செரி இறால் இந்தத் தொல்லை இல்லாதது. சீனா, தைவான் ஓடைகளே இதன் தாயகம். இயற்கையில் பழுப்பும் பச்சையும் கலந்த நிறமுடையது. வளர்ப்போர் சிவந்தவற்றையே தேர்ந்து, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து இந்தச் செந்நிறத்தைக் கொண்டுவந்தார்கள். இதன் குஞ்சு முட்டையிலிருந்து வெளிவரும்போதே தாயின் உருவத்தில் இருக்கும். அளவு மட்டும் 2 மில்லிமீட்டர். கடலும் வேண்டாம், உப்பும் வேண்டாம்.

20 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்று, அடியில் கழுவிய பொடிக்கல், ஒரு கைப்பிடி ஜாவா பாசி, காற்றுப் பம்பில் ஓடும் ஸ்பாஞ்சு வடிகட்டி. இவ்வளவுதான் தேவை. நீரை உறிஞ்சி இழுக்கும் வடிகட்டியானால் அதன் வாயில் ஸ்பாஞ்சு கட்டுங்கள்; இல்லாவிட்டால் குஞ்சுகள் உள்ளே போய்விடும்.

தொட்டி வாங்கிய அன்றே இறாலை விடக்கூடாது. பலர் தோற்பது இந்த இடத்தில்தான். உயிர்களின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகும்போது அமோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் இதனை முதலில் நைட்ரைட் என்னும் வேறொரு நஞ்சாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தப் பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை ஒரு சிட்டிகை மீன் தீனியை மட்டும் அவ்வப்போது போட்டு, வடிகட்டியை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். வெறுந்தொட்டிக்குத் தீனி போடுவதைப் பார்த்து அண்டை வீட்டார் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

குழாய் நீரில் குளோரின் உண்டு. வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் அது பெரும்பாலும் போய்விடும். சில இடங்களில் கலக்கும் குளோரமின் அப்படிப் போகாது. அதற்குக் கடையில் விற்கும் சொட்டு மருந்தை வாங்கிக் கொள்ளுங்கள். மழைநீர் மட்டும் போதாது. ஓடு கட்டுவதற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில் இல்லை. வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். தகரக் கூரையின் கீழ் நண்பகலில் தொட்டி நீர் 30 பாகைக்கு மேல் போகலாம். சூடான நீரில் பிராணவாயு குறைவு. வீட்டில் குளிர்ந்த மூலையில் தொட்டியை வைத்து, வெயில் நாளில் நீரின் மேல் விசிறிக் காற்று படச் செய்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும்.

பத்துப் பதினைந்து இறால் வாங்கினால் ஆணும் பெண்ணும் கலந்தே இருக்கும். பெண் சற்றுப் பெரியது, நிறம் அழுத்தமானது. அதன் தலைக்குப் பின்புறம் முதுகில் சேணம் வைத்ததுபோல் மஞ்சள் நிறம் தெரிந்தால், உள்ளே முட்டை முதிர்கிறது என்று பொருள். இறாலின் ஓடு உடலோடு வளராது. ஆகவே அவ்வப்போது பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதிய ஓடு கட்டும். தொட்டியில் கிடக்கும் வெற்று ஓட்டைச் செத்த இறால் என்று எண்ணி எடுத்தெறிய வேண்டாம். சுண்ணாம்புச் சத்துக்காக அதை அவையே தின்றுவிடும். முதிர்ந்த பெண் ஓடு கழற்றியதும் அதன் வாசனை நீரில் பரவுகிறது. ஆண்கள் நிலைகொள்ளாமல் தொட்டி முழுவதும் நீந்தித் தேடும். பிறகு பெண்ணின் வயிற்றுக்கடியில் இருபது முப்பது முட்டைகள் கொத்தாகத் தெரியும். தன் சிறு கால்களால் ஓயாமல் விசிறி, அவற்றுக்குக் காற்றோட்டம் தந்துகொண்டே இருக்கும். பார்க்கப் பார்க்கச் சலிக்காத காட்சி அது. மூன்று நான்கு வாரத்தில் குஞ்சுகள் வெளிவரும்; மூன்று மாதத்தில் அவையும் முட்டை சுமக்கும்.

தீனி மிகக் குறைவாகவே போதும். பாசியையும் கல்லின் மேல் படியும் வழவழப்பையும் மேய்ந்தே பாதி வயிறு நிரம்பிவிடும். வாரத்தில் இரண்டொரு முறை அவித்த கங்கோங் இலைத் துண்டு ஒன்று போடலாம். மிச்சத்தை அன்றே எடுத்துவிட வேண்டும். வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். துப்புரவு என்று எண்ணி முழு நீரையும் கொட்டி மாற்றினால், ஓடு கழற்ற முடியாமல் சாகும்.

இனிச் சொல்லப்போவதை நேயர்கள் கூர்ந்து கேட்க வேண்டும். இறாலும் பூச்சியும் கணுக்காலிகள் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்லும் மருந்து இறாலையும் அவ்வாறே கொல்லும். செம்பனைக் குருத்தில் காண்டாமிருக வண்டுக்கு அடிக்கும் சைபர்மெத்ரினும், வீட்டில் கொளுத்தும் கொசுவர்த்தியில் உள்ள மருந்தும் ஒரே குடும்பம்தான். மீன் நோய்க்கு விற்கும் சில மருந்துகளில் செம்பு உண்டு. அதுவும் இறாலுக்கு எமன்.

நாம் அறிந்த ஒரு மாணவர் வீட்டில் ஆறு மாதம் செழிப்பாக இருந்த தொட்டி அது. ஒரு நாள் வேலை விட்டு வந்த தந்தை, குளிக்கும் முன்னரே, சாய்ந்திருந்த பாசியைச் சரிசெய்யத் தொட்டிக்குள் கையை விட்டார். அன்று அவருக்கு மருந்தடிக்கும் வேலை. இரவுக்குள் இறால்கள் பக்கவாட்டில் சாய்ந்து கால்களை உதறின. விடிந்தபோது ஒன்றுகூட மிஞ்சவில்லை. பையன் அழுதான். தகப்பனார் அவனைவிட அதிகமாகக் கலங்கினார். தொட்டியில் கை விடுவதற்கு முன் அதே கையால் கைக்குழந்தையையும் தூக்கியிருந்தார்.

மனித உடல் இம்மருந்தின் சிறு அளவைச் சிதைத்து வெளியேற்றிவிடும். இறாலைப்போல் நாம் ஓரிரவில் மடிவதில்லை. ஆயினும் மருந்து வீட்டுக்குள் வந்தது என்பது உண்மைதானே? மருந்தடித்த உடையை வாசலிலேயே கழற்றி, மற்றத் துணிகளோடு சேர்க்காமல் துவைக்க வேண்டும். சவர்க்காரம் போட்டுக் குளித்த பின்புதான் பிள்ளையைத் தூக்க வேண்டும். மருந்து வந்த தோம்பில் நீர் பிடித்து வைக்கவே கூடாது. கையுறையையும் முகக்கவசத்தையும் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்; 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி முதலாளி அவற்றுக்காகச் சம்பளத்தில் காசு பிடிக்கக்கூடாது.

கொசுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏடிஸ் கொசு தொட்டி நீரிலும் முட்டையிடும். இறால் அதன் புழுவைத் தின்று தீர்க்கும் என்று நம்பியிருக்க முடியாது. 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சி ஒழிப்புச் சட்டப்படி, வீட்டு நீரில் கொசுப்புழு இருந்தால் தண்டனை உண்டு. நெருக்கமான வலையால் தொட்டியை இழுத்து மூடிவிடுங்கள். டிங்கிக்குப் புகை அடிக்க வரும்போது கதவைச் சாத்தி அவர்களைத் தடுப்பது தவறு. பம்பை நிறுத்தி, தொட்டியைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, புகை கலைந்த பின் உடனே திறந்து பம்பை ஓடவிட்டால் போதும்.

ஓராண்டில் தொட்டி நிறைந்துவிடும். மீன் கடைக்காரர்கள் சிலர் வாங்கிக்கொள்வார்கள். பிள்ளையின் பள்ளிச் செலவுக்குச் சிறிது உதவும், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். மஞ்சள், நீலம் என வேறு நிறங்களைச் சிவப்போடு கலந்து விட்டால் சில தலைமுறையில் எல்லாம் பழைய பழுப்புக்கே திரும்பிவிடும், கடைக்காரர் தொடமாட்டார். மிஞ்சியதை ஓடையில் விடக்கூடாது. ஜெர்மனியிலும் போலந்திலும் அப்படி வெளியேறிய செரி இறால் நீர்நிலைகளில் குடியேறிவிட்டது. வேண்டுவோர்க்குக் கொடுங்கள், கொடுக்கும்போது ஒரு பிடி பாசியையும் பழைய தொட்டி நீரில் பிழிந்த ஸ்பாஞ்சின் அழுக்கையும் சேர்த்துக் கொடுத்தால், அவர்கள் ஆறு வாரம் காத்திருப்பது சற்றுக் குறையும்.