நீதிமன்றத்தின் பணப்பை யார் கையில்?

நீதியரசர்களின் தீர்ப்புகளை நாம் படிக்கிறோம், பாராட்டுகிறோம், சிலவேளை வருந்தவும் செய்கிறோம். ஆனால், அந்தத் தீர்ப்பை எழுதும் எழுத்தருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது, ஒழுகும் கூரையை யார் பழுது பார்ப்பது என்று எவரும் கேட்பதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் தலைமை நீதியரசர் ரொனால்ட் ஜார்ஜ்.

1996 மே மாதத்தில் அவர் பொறுப்பேற்றபோது, விசாரணை நீதிமன்றங்களின் செலவில் பெரும்பங்கை 58 மாவட்டங்களின் நிர்வாகங்களே ஏற்று வந்தன. செல்வம் மிக்க மாவட்டத்தில் ஒரு விதமான நீதிமன்றம். வறிய மாவட்டத்தில் வேறொரு விதம். இதைவிட வேதனையானது ஒன்றும் இருந்தது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மீது வழக்குத் தொடுப்பதும், பெற்றோரிடமிருந்து குழந்தையைப் பிரிக்க மனுச்செய்வதும் அதே மாவட்ட நிர்வாகத்தின் அலுவலர்களே. வழக்காடும் ஒரு தரப்பாரிடமே நீதிபதி செலவுக்குப் பணம் கேட்டு நிற்பது எத்தகைய நிலை என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

பதவியேற்ற கையோடு நீதியரசர் 58 மாவட்டங்களின் நீதிமன்றங்களுக்கும் நேரில் சென்றார். விலங்கிட்ட கைதிகளும் சாட்சிகளும் சிறுவர்களும் ஒரே நடைகூடத்தில் உரசிச் செல்லும் கட்டடங்களை அவர் கண்டார். கண்டதைச் சட்டமன்றத்தாரிடமும் ஆளுநரிடமும் எடுத்துரைத்தார். நீதியரசர் ஒருவர் நிதிக்காக அரசியலாரின் வாயிற்படி ஏறுவதா என முகம் சுளித்தோரும் உண்டு. வேறு வழி என்ன இருந்தது?

1997இல் வந்த சட்டம், விசாரணை நீதிமன்றங்களுக்கு நிதியளிக்கும் பொறுப்பை மாநிலத்திடம் ஒப்படைத்தது. 1998 ஜூனில் வாக்காளர் அளித்த ஒப்புதலால், 200க்கும் மேற்பட்ட நீதிமன்றங்கள் 2001க்குள் மாவட்டத்திற்கு ஒன்றாக இணைந்தன. 2002இன் சட்டம் கட்டடங்களையும் மாநிலத்தின் வசமாக்க வழி செய்தது. வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றோர் தாமே மனுச்செய்ய உதவும் இணையதளமும் 2001இல் தொடங்கப்பெற்றது. மணவிலக்கு, பிள்ளைப் பராமரிப்பு, வாடகைத் தகராறு என அலைந்தோருக்கு அது பேருதவி.

2008இல் புதிய நீதிமன்றங்களுக்காக 500 கோடி டாலர் வரை கடன்பத்திரம் வெளியிட இசைவு கிடைத்தது. அக்கடனை அடைக்க நீதிமன்றக் கட்டணங்களும் அபராதங்களும் உயர்த்தப்பட்டன. அச்சுமை எளியோர் தலையிலும் விழுந்ததை மறைப்பதற்கில்லை.

ஒரே கையில் பணப்பை சேர்ந்ததன் இடர் விரைவிலேயே தெரிந்தது. மாநிலக் கருவூலம் வறண்டபோது, 2009 செப்டம்பர் முதல் பல மாதங்கள், மாதந்தோறும் மூன்றாம் புதன்கிழமை மாநிலமெங்கும் நீதிமன்றங்கள் அடைக்கப்பட்டன. அனைத்து நீதிமன்றங்களையும் கணினியால் இணைக்கும் திட்டம் பெரும்பொருளை விழுங்குவதாக நீதிபதிகளிலேயே ஒரு சாரார் அமைப்புத் திரட்டி எதிர்த்தனர். 2011 ஜனவரித் தொடக்கத்தில் ஜார்ஜ் ஓய்வு பெற்றார். 50 கோடி டாலருக்கு மேல் செலவான பின், 2012 மார்ச்சில் அக்கணினித் திட்டம் கைவிடப்பட்டது. ஆயினும் நீதிமன்றச் செலவுக்காக மாவட்ட நிர்வாகங்களிடம் கையேந்தும் பழைய முறை திரும்பவில்லை.