இடுப்பு ஒடிந்தவர்களின் கடிகாரம்

ஆடிட் என்றால் நாகர்கோவிலில் இருக்கும் என் அண்ணனுக்கு ஜவுளிக்கடைக் கணக்கும் மார்ச் மாதமும்தான் நினைவுக்கு வரும். “நீ நர்ஸா, ஆடிட்டரா மக்கா?” என்று போனில் கேலி செய்வார். ரெண்டும்தான் என்பேன். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில், இடுப்பெலும்பு ஒடிந்து வரும் முதியவர்களுக்கென்றே இருக்கும் நர்ஸ் நான். காலை ஏழரைக்கு வார்டுக்குள் நுழைந்ததும் ராத்திரி வந்தவர்களைப் போய்ப் பார்ப்பேன். அடுத்த வேலை, அவர்களுடைய நேரங்களை எழுதுவது. எமர்ஜென்சிக்கு வந்தது எத்தனை மணிக்கு, வார்டுக்கு ஏறியது எத்தனை மணிக்கு, தியேட்டரில் மயக்க மருந்து தொடங்கியது எத்தனை மணிக்கு. எங்கள் ஆஸ்பத்திரி நல்லதா கெட்டதா என்று நாடு கேட்டால், பதிலில் பாதி இந்த மூன்று நேரங்களுக்குள் இருக்கிறது.

இங்கே வந்த புதிதில், 2004-ல், நான் வேறோர் ஊரில் வேலை பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை 86 வயதுப் பாட்டி ஒருவர் வந்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பூனைக்குப் பால் ஊற்றக் குனிந்தபோது விழுந்திருக்கிறார். சனிக்கிழமை காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் கொடுக்காமல் ஆபரேஷனுக்குக் காத்திருந்தோம். மாலை நாலு மணிக்கு, மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் சிதைந்த பையன் ஒருவன் வந்துவிட்டான். பாட்டியின் முறை தள்ளிப்போனது. டீயும் ரொட்டியும் கொடுத்தேன். ஞாயிறும் அதே கதை. திங்களன்று மயக்க மருந்து டாக்டர் இதயத்தை ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்துவிடலாம் என்றார். செவ்வாய்க்கிழமைதான் ஆபரேஷன் நடந்தது. ஒன்பதாம் நாள் நிமோனியாவில் இறந்துபோனார்.

யாரும் தவறு செய்யவில்லை, அதுதான் விஷயம். பையனின் கால் நிஜமாகவே காத்திருக்க முடியாதது. ஸ்கேன் கேட்ட டாக்டரும் பயந்துதான் கேட்டார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நியாயமான காரணம் இருந்தது. அந்த நாலு நாளையும் சேர்த்துக் கூட்டி எழுத ஒரு தாள்தான் இல்லை. இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்று இருந்தது. வார்டில் எல்லோரும் வயதாகிவிட்டது என்றோம். எங்கள் ஆச்சி கிணற்றடியில் விழுந்து மூன்று மாதம் கட்டிலில் கிடந்து போனபோது ஊரிலும் அதைத்தான் சொன்னார்கள்: “இடுப்பு ஒடிஞ்சா அவ்வளவுதான்.”

அப்படி இல்லை. எலும்பு ஒடிந்ததால் மட்டும் யாரும் சாவதில்லை. அசையாமல் கிடப்பதுதான் ஆளைக் கொல்கிறது. மல்லாந்து படுத்தே இருந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும். வலியும் வலி மருந்தும் பட்டினியும் சேர்ந்து மூளையைக் கலக்கிவிடும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று என்னைத் தன் அக்கா என்பார். சீக்கிரம் எலும்பைச் சேர்த்து மறுநாளே எழுப்பி நிற்க வைத்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். எத்தனை பேருக்குச் செய்தோம் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

ஸ்வீடன்காரர்கள் 1988-லேயே இடுப்பு முறிவுக்கென்று நாடளாவிய பதிவேடு ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். ஸ்காட்லாந்து 1993-ல் தொடங்கியது. 2007-ல்தான் பிரிட்டனின் எலும்பு மருத்துவர் சங்கமும் முதியோர் மருத்துவர் சங்கமும் கைகோத்து, தேசிய இடுப்பெலும்பு முறிவுத் தரவகத்தை ஏற்படுத்தின. இன்று இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் ஆண்டுக்கு 65,000 பேருக்கும் மேல் அதில் பதிவாகிறார்கள். எந்த ஆஸ்பத்திரி எப்படிச் செய்கிறது என்ற வரைபடத்தை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேள்வி கேட்ட மகன்கள் உண்டு.

2010-ல் பணமும் சேர்ந்தது. வந்து 36 மணி நேரத்துக்குள் ஆபரேஷன், 72 மணி நேரத்துக்குள் முதியோர் மருத்துவர் ஒருவர் பார்ப்பது, இனி விழாமலிருக்க என்ன செய்யலாம் என்ற ஆய்வு, எலும்பு பலத்துக்கு மருந்து என்று ஒரு பட்டியல் வைத்தார்கள். ஒரு நோயாளிக்கு அத்தனையும் நடந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு 445 பவுண்டு கூடுதல். இரண்டே வருடத்தில் அது 1,335 ஆனது. பட்டியலில் ஒன்று தவறினாலும் அந்த நோயாளிக்கு ஒரு காசு கிடையாது. ஒரு முதியோர் மருத்துவரை வேலைக்கு எடுங்கள் என்று நாங்கள் வருடக்கணக்கில் கெஞ்சியும் அசையாத நிர்வாகம், இந்தக் கணக்கைப் பார்த்ததும் ஆறு மாதத்தில் ஒருவரை அமர்த்தியது. அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

பலன் இருந்ததா? இங்கிலாந்தில், முறிவு ஏற்பட்டு 30 நாளுக்குள் இறந்தவர்கள் 2003-ல் 11.5 சதவீதம், 2007-ல் 10.9. நாலு வருடத்தில் அவ்வளவுதான் இறங்கியது. பதிவேடு வந்த அடுத்த நாலு வருடத்தில், 2011-ல், 8.5 ஆகிவிட்டது. சீக்கிரம் ஆபரேஷன் ஆனவர்கள் 54.5 சதவீதத்திலிருந்து 71.3-க்கு ஏறினார்கள். எல்லாப் புகழும் பதிவேட்டுக்கே என்று சொல்ல மாட்டேன். பணம், புதிய டாக்டர்கள், பழகிப்போன கைகள் எல்லாம் சேர்ந்த பலன் அது. ஏறியது இறங்காது என்றும் இல்லை. கோவிட்டுக்குப் பிறகு படுக்கை நெருக்கடியில் அந்தச் சீக்கிர ஆபரேஷன் கணக்கு மறுபடி சரிந்திருக்கிறது. சரிந்தது தெரிகிறதே, அதுவே 2004-க்கும் இப்போதைக்கும் வித்தியாசம்.

குடல் வெடித்து அவசரமாக வயிற்றைத் திறக்க வேண்டியவர்களுக்கும் இப்படியொரு தேசியத் தணிக்கை 2013 முதல் நடக்கிறது. அதற்கு வழிவகுத்த ஆய்வு 2012-ல் வெளியானது. 35 ஆஸ்பத்திரிகளில் எடுத்த கணக்கு அது. சராசரியாக நூற்றுக்கு 15 பேர் ஒரு மாதத்துக்குள் இறந்திருந்தார்கள். ஆனால் ஓர் ஆஸ்பத்திரியில் அது 3.6 சதவீதம், இன்னொன்றில் 41.7.

இந்த இடத்தில் பத்திரிகைக்காரர்கள் 41.7-ஐப் பிடித்துக்கொண்டு தலைப்புப் போடுவார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். நூற்றுக்கு 7 பேர் இறப்பது நாட்டின் சராசரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் 100 பேரில் 11 பேர் இறந்தால், அது வெறும் துரதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். 1,000 பேரில் 110 பேர் இறந்தால், சதவீதம் அதேதான், ஆனால் அங்கே துரதிர்ஷ்டம் என்று சொல்லித் தப்ப முடியாது. அதனால்தான் தணிக்கைக்காரர்கள் புனல் மாதிரி ஒரு படம் போடுகிறார்கள். குறைந்த நோயாளிகள் இருக்கும் பக்கம் அகலமான வாய், நிறையப் பேர் இருக்கும் பக்கம் ஒடுங்கிய கழுத்து. புனலுக்கு வெளியே விழும் புள்ளிக்குத்தான் கடிதம் வரும். அதற்கும் முன்னால் வயதையும் மற்ற நோய்களையும் சேர்த்துக் கணக்கைச் சரிக்கட்டுவார்கள். தொண்ணூறு வயதுக்காரர்களே வரும் ஆஸ்பத்திரியை அறுபது வயதுக்காரர்கள் வரும் ஆஸ்பத்திரியோடு எடை போட முடியாதல்லவா?

எனக்குத் தூக்கம் கெடுவது வேறொன்றால். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் காலைக் கூட்டம். தியேட்டரில் ஓர் இடம்தான் மிச்சம், இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். ஒருவருக்கு 30 மணி நேரம் ஆகியிருக்கிறது, இன்னொரு அம்மாவுக்கு 41. “அந்தம்மாவுக்குத்தான் எப்படியும் நேரம் தாண்டிவிட்டதே, இவரை எடுப்போம்” என்றார் ஒருவர். கெட்ட மனுஷர் இல்லை. கணக்கின் கண்ணில் 37-ம் 60-ம் ஒன்றுதான், இரண்டுமே தோல்வி. காத்திருப்பவருக்கு உதவ வைத்த கோடே, அதைத் தாண்டியவரைக் கைவிடச் சொல்கிறது. அன்றிலிருந்து வார்டுப் பலகையில் 36-ஐத் தாண்டியவர்களின் மணிக்கணக்கை நான் சிவப்பில் எழுதுகிறேன். அவர்கள் பெயர்தான் எப்போதும் மேலே இருக்கும்.

இன்னொரு முறை, மயக்க மருந்து தொடங்கிய நேரத்தை வைத்துப் பார்த்தால் 36 மணி 12 நிமிடம். வார்டுக் கடிகாரம் தியேட்டர் கடிகாரத்தைவிடக் கொஞ்சம் பின்னால் ஓடும் என்று ஒருவர் ஞாபகப்படுத்தினார். பன்னிரண்டு நிமிடத்தில் 1,335 பவுண்டு. 36.12 என்றே பதிந்தேன். யாரும் திட்டவில்லை, இரண்டு நாள் டீ மட்டும் தனியாகக் குடித்தேன்.

படிவத்தில் எனக்குப் பிடித்த பகுதி ஞாபகசக்திக் கேள்விகள். பத்துக் கேள்வி. முதல் உலகப் போர் எப்போது தொடங்கியது, இருபதிலிருந்து கீழே எண்ணுங்கள், இப்போதைய அரசர் யார். பதினெட்டு வருடமாக ‘எலிசபெத்’ என்ற பதிலையே கேட்டுவந்தேன். 2022 செப்டம்பரில் ஒரே நாளில் அது தப்பான பதிலாகிவிட்டது. அந்த வாரம் ஒரு தாத்தா “எலிசபெத்” என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, “அந்தப் பையன்” என்றார். முழு மதிப்பெண் கொடுத்தேன்.

கடைசிக் கட்டம் 120-வது நாள். அதற்குள் எல்லோரும் வீடு போயிருப்பார்கள், அல்லது போயிருக்க மாட்டார்கள். போனில் கூப்பிட்டு, இப்போது எங்கே இருக்கிறீர்கள், எப்படி நடக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். துணையில்லாமல் நடக்கிறார், ஒரு கைத்தடியோடு வெளியே போகிறார், வெளியே போவதே இல்லை என்று கட்டங்கள் இருக்கும். போன வாரம் 91 வயது அம்மா ஒருவர் எடுத்தார். இந்தப் பக்கத்தில் பாசமாகப் பேசினால் எல்லோரையும் ‘டக்’ என்பார்கள். வாத்து என்று அர்த்தம். இருபது வருடத்தில் பழகிவிட்டது.

“தோட்டத்துக் கேட்டு வரைக்கும் போறேன், டக். அது வெளியேன்னு சேர்த்தியா?”

பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன்.

“கேட்டைத் திறந்து அந்தப் பக்கம் போவீர்களா?”

“குப்பைத் தொட்டியை வைக்கப் போவேன். வியாழக்கிழமை மட்டும்.”

“தடியோடவா?”

“ஒரு கையில தடி. இன்னொரு கையில தொட்டி.”