பி.சி.ஜி. ஊசியும் செங்கற்பட்டுச் சோதனையும்

தடுப்பூசியைப் பற்றிய வதந்தி என்றவுடன் கைப்பேசியில் வரும் செய்திகளையே இன்று பலரும் நினைக்கின்றனர். நம் நாட்டில் இவ்வழக்கு மிகப் பழையது. அதில் எதிர்த்து நின்றவர்களும் எழுத்தறிவற்ற பாமரர்கள் அல்லர்.

க்ஷயரோகத்தைத் தடுப்பதற்கான பி.சி.ஜி. ஊசி இந்தியாவில் 1948-ஆம் ஆண்டு போடத் தொடங்கப்பட்டது. அம்மருந்தைத் தயாரிக்கும் கூடம் சென்னைக் கிண்டியில் அமைந்தது. விரைவிலேயே, ஓய்வுபெற்ற சுகாதாரப் பொறியாளரான ஏ. வி. ராமன் அதனைக் கண்டித்து எழுதலானார். 1955-இல் முன்னாள் முதலமைச்சர் ராஜாஜியே எதிர்ப்பில் இறங்கித் தம் காரணங்களைச் சிறு நூலாகவும் வெளியிட்டார். உயிருள்ள கிருமியை நோயற்ற குழந்தைகளின் உடலில் செலுத்துவது தகாது என்பதும், அதன் பயன் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை என்பதும் அவர் வாதம். மத்திய சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ருத் கௌர் ஊசித் திட்டத்தை ஆதரித்து நின்றார். மருத்துவக் கேள்வி, எவர் பக்கம் நிற்பது என்ற அரசியல் கேள்வியாயிற்று.

அச்சத்துக்கு வேர் இல்லாமலும் இல்லை. ஜெர்மனியின் லூபெக் நகரில் 1930-இல் இம்மருந்தை உட்கொண்ட குழந்தைகளில் எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் காரணம் பி.சி.ஜி. அன்று, ஆய்வுக்கூடத்தில் நோய் உண்டாக்கும் உண்மையான க்ஷயக் கிருமி அதனுடன் கலந்துவிட்டது. இதன் முதற் பாதியை மட்டும் கேட்டவர் ஊசியை வெறுப்பார். முழுவதையும் கேட்டவர் ஆய்வுக்கூடத்தில் கண்காணிப்பு வேண்டும் என்பார். வதந்தியின் வலிமை பெரும்பாலும் இப்பாதியில்தான் இருக்கிறது.

சரிகையை விற்பவர் சொல்லை நம்பி நம் சங்கங்கள் வாங்குவதில்லை. பொன் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று பரிசோதித்தே வாங்குகின்றன. உழவரும் விதையை ஊறவைத்து முளைத்தவற்றை எண்ணிப் பார்க்கின்றனர். ஊசியையும் அவ்வாறே நிறுக்கும் முயற்சி, காஞ்சிபுரமும் செவிலிமேடும் அடங்கிய பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலேயே, திருவள்ளூர்ப் பகுதியில் 1968-இல் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் உலகச் சுகாதார நிறுவனமும் அதில் ஈடுபட்டன. இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோரில் சிலருக்கு மருந்தும், சிலருக்கு மருந்தற்ற வெறும் ஊசியும் குலுக்கல் முறையில் போடப்பட்டன. எவருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

முடிவு 1979-இல் வெளியானபோது உலகமே திகைத்தது. பெரியவர்களின் நுரையீரல் க்ஷயத்தை அங்கே இந்த ஊசி தடுக்கவில்லை. 15 ஆண்டுக் கண்காணிப்பும் அதனையே உறுதி செய்தது. அப்படியாயின் ராஜாஜி வென்றார் என்று சொல்லலாமா? பயனைப் பற்றி அவர் எழுப்பிய ஐயம் வீண் அன்று என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் சிசுக்களின் மூளையுறையைத் தாக்கும் க்ஷயத்தையும், உடலெங்கும் பரவும் க்ஷயத்தையும் இவ்வூசி தடுக்கிறது என்பது வேறு ஆராய்ச்சிகளால் தெளிவாகியுள்ளது. பிறந்தவுடன் அது போடப்படுவது இதன் பொருட்டே. முற்றும் நன்று என்றவரும் முற்றும் தீது என்றவரும் ஒருங்கே தவறினர்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி தமிழ்நாட்டில் பள்ளிகள்தோறும் போடப்பட்டபோது வாட்ஸ்அப் வழியே பீதி பரவியது. பெற்றோர் பலர் மறுத்ததால் திட்டம் மார்ச்சு வரை நீண்டது. இதனை ராஜாஜியின் எதிர்ப்போடு ஒன்றாகக் கருதலாகாது. அவர் தம் பெயரிட்டு எழுதினார். மறுப்போர் விடையளிக்க இடம் இருந்தது. கைப்பேசிச் செய்திக்கு எழுதியவர் பெயரும் இல்லை, ஊரும் இல்லை.

தறிக்குழியில் கால் வைத்து, காற்றோட்டம் குறைந்த அறையில் நாள் முழுதும் அமர்வோர் ஒன்றை அறிதல் அவசியம். சிறு வயதில் போட்ட பி.சி.ஜி. தழும்பு தோளில் இருப்பதாலேயே க்ஷயம் வாராது என்று இருந்துவிடக் கூடாது. அடைத்த அறையில் நோயாளி இருமினால் கிருமி நெடுநேரம் காற்றில் நிற்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைப் பரிசோதிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. நோய் கண்டால் மருந்து முழுக்காலமும் இலவசமாகக் கிடைக்கும். சத்துணவுக்காக மாதந்தோறும் வழங்கப்பட்டுவந்த 500 ரூபாய் 2024 நவம்பரில் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அது நோயாளியின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படுவதால், கணக்கு இல்லாத அங்கத்தினர்கள் முதலில் அதனைத் தொடங்கிக்கொள்க.