உப்பும் நீரும் ரத்தக் கொதிப்பும்

ஊரிலிருந்து ஊறுகாயும் வடாமும் வந்து சேர்ந்த வாரத்தில் நம் இல்லங்களில் தண்ணீர்ப் பானை விரைவில் வற்றிவிடும். தாகத்தை எழுப்புவது நாவன்று, மூளையே. உப்பு மிகுந்து ரத்தம் சற்றுச் செறிவடைந்தாலும், மூளையின் அடிப்புறத்திலுள்ள ஒரு சிறு பகுதி அதனை அறிந்துகொள்கிறது. தாகத்தை உண்டாக்குவதோடு, வாஸோபிரெஸின் என்னும் சுரப்புநீரை விடுத்து, நீரை வீணாக்க வேண்டாமெனச் சிறுநீரகங்களுக்கும் ஆணையிடுகிறது. ஆகவே உப்பு தங்குமிடத்தில் நீரும் தங்கும். ரத்தத்தின் அளவு பெருகும்; குழாய்களில் அழுத்தம் ஏறும்.

இவ்வழுத்தத்தை நாளடைவில் சீர்செய்யும் பொறுப்பு, இதயத்தைவிடச் சிறுநீரகங்களையே பெரிதும் சார்ந்தது. ரத்தத்திலுள்ள நீரைத் திரும்பத் திரும்ப வடிகட்டி, நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் கணக்கில் அவை கையாளுகின்றன. வெளியே விடுவதோ ஒன்றரை லிட்டர் அளவே. இத்தகைய வரவு செலவில் நூற்றில் ஒரு பங்கு பிசகினாலும் விளைவு சிறிதாகுமோ?

1934-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லண்டு நகரில் ஹாரி கோல்ட்பிளாட் என்னும் மருத்துவ அறிஞர், நாய்களின் சிறுநீரகத் தமனியை ஒரு சிறு கவ்வியால் இறுக்கிக் காட்டினார். நாய்களுக்கு ரத்தக் கொதிப்பு கண்டது. தனக்கு வரும் ரத்தம் குறைந்ததும், உடல் முழுவதிலுமே ரத்தம் குன்றிவிட்டதாகக் கொண்டு, சிறுநீரகம் ரெனின் என்னும் பொருளை மிகுதியாக விடுகிறது. அதனால் விளையும் ஆஞ்சியோடென்ஸின் குழாய்களைச் சுருக்குகிறது. உப்பையும் உடலில் நிறுத்துகிறது. பிரேஸில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததன் பயனாகவே, இதனைத் தடுக்கும் காப்டோபிரில் மாத்திரை 1981-ல் புழக்கத்திற்கு வந்தது. நஞ்சும் மருந்தாயிற்று!

வடநாட்டில் முதியோரோடு வாழும் குடும்பத்தினர் இதனைக் கோடையில் சிறப்பாகக் கருத வேண்டும். லூ காற்று வீசுங்கால் வியர்வையோடு நீரும் உப்பும் வெளியேறுகின்றன. அவ்வேளையில் அழுத்தம் விழாமல் தாங்குவது மேற்சொன்ன ரெனினே. கொதிப்புக்கு உண்ணும் மாத்திரைகளுட் பல அதன் வேலையைத் தடுப்பவை. வேறு சில நீரை வெளியேற்றுபவை. ஆதலால் கடும் வியர்வையோ வாந்தியோ பேதியோ கண்ட முதியவர், எழுந்து நிற்கையில் தலை சுற்றுகிறதென்றால், பித்தம் என்று சொல்லிச் சுக்குக் கஷாயத்தோடு விட்டுவிடுவது தகாது. (நம்மவர்க்குப் பித்தத்தின்மேல் பழி போடுவது எளிது!) அன்றே டாக்டரிடம் மாத்திரைகளைக் காட்டி, எதனைக் குறைப்பது, எதனைத் தொடர்வது என்று கேட்டறிய வேண்டும். தாமாக நிறுத்துவதும் ஆபத்தே.

மற்ற நாட்களில் உப்பின் அளவு எவ்வளவு? வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்கிறது உலக சுகாதார நிறுவனம். அஃது ஒரு சிறு தேக்கரண்டிதான். ஊறுகாயும் அப்பளமும் அதற்குள் அடக்கம்.